திருகோணமலையில் கலியாணப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் தனியாகத் தொழில் செய்யும் படப்பிடிப்பாளர் நான். கலியாணம், சாமத்திய வீடு (பூப்புனித விழா), பிறந்தநாள், கோயில் திருவிழா, பாடசாலை நிகழ்ச்சி என்று எல்லாம் எடுக்கிறேன். வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில கேள்விகள் கலியாண வீட்டார் கேட்பவை, சில இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்பவை.

ஸ்ரூடியோ இல்லாத ஒருவரை நம்பிக் கலியாணத்தை ஒப்படைக்கலாமா?

தாராளமாக. ஆனால் யாராக இருந்தாலும், ஒரு கலியாணத்தின் படங்களை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். முகநூலில் போடும் இருபது படங்கள் இருபது கலியாணங்களில் பொறுக்கியவையாக இருக்கலாம். ஒரே கலியாணத்தைத் தாலிக்குப் பொன்னுருக்கல் முதல் பந்தி வரை பார்த்தால் ஆளின் வேலை தெரிந்துவிடும். இருட்டு மண்டபத்தில் முகம் எப்படி வந்திருக்கிறது, வயதானவர்களைக் கவனித்திருக்கிறாரா, மழை நாளில் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

அடுத்து, "உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்?" என்று கேளுங்கள். தனியாள் என்று சொன்னாலும் எங்களில் யாரும் உண்மையில் தனியாக இல்லை. இரண்டாவது கமராவுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர், லைட் பிடிக்க ஒரு தம்பி என்று ஒரு வட்டம் எப்போதும் இருக்கும். அந்த வட்டத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லத் தயங்குபவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

எவ்வளவு காலத்துக்கு முன்பே பேச வேண்டும்?

முகூர்த்தம் குறித்த அன்றே பேசிவிடுங்கள். மண்டபம், குருக்கள், மேளம், அடுத்தது படம் என்பதுதான் நல்ல வரிசை. நல்ல நாள் எல்லோருக்கும் ஒரே நாள்தானே.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்துக் கலியாணங்கள் அனேகமாக இல்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களோ பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையில்தான் வருவார்கள். அது ஜூலை, ஆகஸ்ட். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி மாதம். ஆகவே லண்டனிலும் கனடாவிலும் இருந்து வருபவர்களின் கலியாணங்கள் எல்லாம் ஆனிக் கடைசியிலும் ஆவணியின் முதல் இரண்டு வாரங்களிலும் வந்து நெரியும். அந்த ஆவணி நாட்களுக்கு முந்தைய ஆண்டே பேசிவைக்கிறவர்கள் உண்டு. தையிலும் வைகாசியிலும் அவ்வளவு நெருக்கடி இருக்காது.

முற்பணம் கட்டாயமா?

ஆம். உங்களுக்காக அந்த நாளை ஒதுக்கினால் அதே முகூர்த்தத்துக்கு வரும் வேறு யாருக்கும் நான் வர முடியாது. ஒரு பக்கத்தில் என்றாலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை கமரா, அல்பம் எத்தனை பக்கம், படங்கள் எப்போது கைக்கு வரும், நாள் மாறினால் முற்பணம் என்னாகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயமாக எழுதுங்கள். உறவு கெடாமல் இருக்க அதுதான் வழி.

ஒருநாள் வேலைக்கு ஏன் இவ்வளவு காசு?

கலியாண வீட்டில் நீங்கள் காண்பது ஒருநாள் வேலை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தெரிவு செய்வது, நிறம் சரிசெய்வது, அல்பம் வடிவமைப்பது, நீங்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்வது என்று வாரக்கணக்கில் இரவு வேலை இருக்கிறது. கமரா, லென்ஸ், பிளாஷ், பற்றரி, கார்ட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இவற்றின் விலையும் சேர்ந்து ஏறியது. ஒரு லென்ஸ் பழுதானால் பல கலியாணங்களின் உழைப்பு அதற்கே போய்விடும்.

குறைத்துக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் குறைக்கும்போது பொருளைக் குறைக்கச் சொல்லுங்கள். அல்பத்தில் பத்துப் பக்கம் குறையலாம், பிரீ ஷூட் (கலியாணத்துக்கு முன் வெளியிடத்தில் எடுக்கும் சோடிப் படங்கள்) இல்லாமல் போகலாம். இரண்டாவது கமராவை மட்டும் விட்டுவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

பிரீ ஷூட்டுக்கு எங்கே போகலாம்?

எங்கள் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உப்புவெளியும் நிலாவெளியும் கிழக்குக் கடல். சூரியன் கடலிலிருந்து எழும், தரைப் பக்கம் மறையும். கடலில் சூரியன் மறையும் படம் வேண்டுமென்று மாலையில் நிலாவெளிக்கு வந்தால் சூரியன் முதுகுப்பக்கம்தான் இருக்கும். அங்கே படம் எடுக்க நல்ல நேரம் விடியற்காலை. ஆறு மணிக்கு மணலில் நிற்க வேண்டும் என்றால் மேக்கப் அக்கா நாலு மணிக்கே தொடங்க வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு வெயில் முகத்தில் குத்தத் தொடங்கிவிடும். கண்ணைச் சுருக்காமல் நிற்கவே முடியாது.

மாலைப் படம் வேண்டுமா? உட்துறைமுக வீதிக்கு வாருங்கள். நகரம் இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு கழுத்துப்போலக் கிடப்பதால் டச்பே பக்கம் விடியலும் உட்துறைமுகப் பக்கம் அந்தியும் கிடைக்கும். ஒரே நாளில், ஓட்டோவில் போகிற தூரத்தில், தண்ணீருக்கு மேலே இரண்டு வெளிச்சமும் கிடைக்கும் ஊர் இலங்கையில் அதிகமில்லை. சொந்த ஊர்ப் பிள்ளைகளே இதைக் கவனிப்பது குறைவு என்பது எனக்குப் பெரிய குறை.

கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் ஆலமர நிழலும் மான்களும் உண்டு. ஆனால் கோட்டை இன்றும் இராணுவ முகாம். எந்தப் பக்கம் கமராவைத் திருப்பலாம் என்று வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கோயிலுக்குள் மூலஸ்தானத்தைப் படமெடுக்கக் கூடாது. அதில் பேச்சுக்கு இடமில்லை. கோயிலருகே உள்ள பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் பாறை விளிம்பில் நிற்கவைத்து எடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. சேலை கட்டிய பிள்ளையைக் காற்றடிக்கும் பாறை விளிம்பில் நிறுத்தி எடுக்க வேண்டிய படம் என்று எதுவும் கிடையாது.

மார்பிள் பீச் விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது, கட்டணம் உண்டு, தண்ணீர் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள தீவான புறாமலை 2003 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதிச் சீட்டும் படகும் வேண்டும். அங்கே முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதற்கு நான் துணைபோக மாட்டேன். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளைச் சுற்றி எப்போதும் சனம் இருக்கும், பிரீ ஷூட்டுக்கு அவ்வளவு பொருந்தாது.

ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு ஒன்று: பின்னேரம் கச்சான் காற்று தரையிலிருந்து சூடாக அடிக்கும். முந்தானை, தலைமுடி, மணல் எல்லாம் பறக்கும். காலையிலேயே முடித்துவிடுவோம்.

ட்ரோன் விடலாமா?

ட்ரோன் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதியப்பட்டிருக்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவதே சில காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. எங்கள் நகரத்தில் கடற்படைத் தளம், கோட்டை முகாம், சீனக்குடா விமானப்படைத் தளம் எல்லாம் கிட்டக்கிட்ட. ஆகவே அழகான இடங்களில் பாதிக்கு மேல் ட்ரோனை நினைக்கவே முடியாது. "அவர் விட்டாரே" என்று வேறொருவரின் வீடியோவைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை பொலிஸில் உட்கார்ந்திருக்க நான் காரணமாக மாட்டேன்.

மழைக்காலத்தில் கலியாணம் வைத்தால் படம் கெட்டுவிடுமா?

கெடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்று நினைத்தே திட்டமிடுவோம். மேகம் மூடிய வானம் முகத்துக்கு மிகவும் நல்லது, நிழல் விழாது. தொல்லை எல்லாம் கருவிகளுக்குத்தான். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். அந்த ஈரம் போகச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பொம்பிளையை வாசலில் இறக்கும்போது நான் ஏன் உள்ளே வராமல் முன்கூட்டியே வெளியே நிற்கிறேன் என்றால் இதனால்தான்.

தாலி கட்டும் நேரத்தில் எல்லோரையும் விலகச் சொல்கிறீர்களே, ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கெட்டிமேளம் கேட்டதும் மண்டபமே எழும்பும். அறுகரிசி பறக்கும், ஓமப்புகை எழும்பும், முன்வரிசையில் பத்துக் கைபேசிகள் உயரும். மாப்பிள்ளையின் கை பொம்பிளையின் கழுத்துக்குப் பின்னால் போகும். மாலை தாலிக்கொடியை மறைத்துக்கொண்டு நிற்கும். முழுதும் சில விநாடிதான். "தம்பி, இன்னொருக்கா கட்டுங்கோ" என்று சொல்ல முடியாத ஒரே இடம் அது.

அதனால்தான் இரண்டு கமரா. ஒன்று முன்னால் நின்று பொம்பிளையின் முகத்தையும் மாப்பிள்ளையின் கையையும் எடுக்கும். மற்றது பக்கவாட்டில் நின்று பெற்றோரைப் பார்க்கும். தாலி ஏறும்போது பொம்பிளையின் அப்பாவின் முகத்தில் வருவது வேறெந்த நேரத்திலும் வராது, அதைப் பிடிக்க ஒரு கமரா தனியாக வேண்டும். தோழியாக நிற்கும் பிள்ளையிடம் நான் முதலே சொல்லி வைப்பேன்: கெட்டிமேளம் கேட்டதும் மாலையை இரண்டு விரலால் பக்கத்துக்கு விலக்கிப் பிடியுங்கள். அந்தச் சின்ன வேலையில் தாலி படத்தில் தெரியும். குருக்களிடமும் முன்கூட்டியே போய் வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் நிற்கலாம் என்று கேட்டுக்கொள்வேன். அவருடைய மந்திரத்துக்கு நடுவில் நாங்கள் கட்டளை போடக்கூடாது. சடங்குக்காகத்தான் படம்.

இன்னொன்று மேடை வெளிச்சம். சோடனைக்கு ஊதா, நீல எல்ஈடி வைப்பது இப்போது வழக்கம். அது சுவரில் விழட்டும். முகத்தில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் இயற்கையான தோல் நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே மலிவான எல்ஈடி விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் கறுப்புக் கோடாக விழும். ஷட்டரை 1/100 விநாடி அளவில் வைத்துச் சமாளிப்போம். சோடனைக்காரரிடம் மேடைக்கு முன்னால் சாதாரண மஞ்சள் வெளிச்சம் இரண்டு கேட்டு வாங்குங்கள், அது போதும்.

முஸ்லிம் கலியாணம், கிறிஸ்தவக் கலியாணமும் எடுப்பீர்களா?

எடுப்பேன். கிண்ணியா, மூதூர் பக்கம் நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும். பெண்கள் பக்கத்துக்குப் பெண் படப்பிடிப்பாளர்தான் போக வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் அவரை நானே ஒழுங்குபடுத்தித் தருவேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் போய்வருவது எவ்வளவோ இலகு. தேவாலயத்தில் திருப்பலி நேரத்தில் பிளாஷ் அடிக்கலாமா, பீடத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதை பாதர்தான் சொல்ல வேண்டும். முதல் நாளே போய்க் கேட்போம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பெண் படப்பிடிப்பாளர்களுக்கு வேலை காத்திருக்கிறது. தயங்காமல் வாருங்கள்.

சாமத்திய வீட்டுப் படங்களை முகநூலில் போடுவீர்களா?

மாட்டேன். அது ஒரு சின்னப் பிள்ளையின் விழா. அம்மா அப்பா சம்மதம் சொன்னாலும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் வார்க்கும் படங்களை நான் முடிந்தவரை எடுப்பதே இல்லை, எடுக்கச் சொன்னால் அம்மாவின் கையில் மட்டும் கொடுப்பேன். பிள்ளை கூச்சப்பட்டால் கமராவைக் கீழே வைத்துவிடுவேன். மாமிமார் கோபித்தாலும் பரவாயில்லை. வெட்டவெளியில் ஆயிரம் பேர் பார்க்கப் பெரிய பதாகை அடிப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள் என்று எல்லாத் தாய்மாரிடமும் சொல்லி வருகிறேன்.

கலியாணப் படங்களைப் பொறுத்தவரை, பொம்பிளை மாப்பிள்ளை இருவரும் எழுத்தில் சரி என்றால் மட்டும், அவர்கள் தெரிவு செய்தவற்றை மட்டும் போடுவேன்.

குடும்பப் படங்களுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? சோடிப் படங்கள் குறைந்துவிடாதா?

கொஞ்சம் குறையும். குறையட்டும் என்றே சொல்வேன்.

எங்கள் மாவட்டத்தில் பழைய படமே இல்லாத வீடுகள் எத்தனையோ. போரில் 1990இல் உடுத்த உடுப்போடு ஓடியவர்கள், 2006இல் சம்பூர், மூதூர் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள், 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது வீட்டோடு அல்பமும் போனவர்கள். அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூடக் கையில் இல்லாத பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். சுவிஸிலோ கனடாவிலோ ஒரு சித்தி வீட்டில், யாருடைய கலியாணத்திலோ எடுத்த கூட்டப் படம் இருக்கும். அதன் மூலையில் அம்மா நிற்பார். அதைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, "அண்ணா, அம்மாவை மட்டும் பெரிசாக்கித் தர ஏலுமா?" என்று கேட்பார்கள். விரல் நகமளவு முகம். எவ்வளவு திருத்தினாலும் கண் தெளிவாக வராது.

ஆகவே என் கலியாணங்களில் வயதானவர்களைத் தனித்தனியாக எடுப்பேன். அம்மம்மாவை நாற்காலியில் இருத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில், முகம் நிறைய. பலருக்கு அதுதான் கடைசி நல்ல படமாக இருக்கிறது. செத்த வீட்டுக்கு அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். சோடிப் படம் இன்னொரு நாள் எடுக்கலாம். கனடா மாமாவும் ஆலங்கேணிப் பெரியம்மாவும் மறுபடி ஒரே வரிசையில் நிற்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

படங்கள் தொலையாமல் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

என் கமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்ட்டில் பதிவாகும். வீடு திரும்பியவுடன், குளிக்கும் முன்பே, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவேன். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கும். அல்பம் உங்கள் கைக்கு வரும்வரை கார்ட்டை அழிப்பதில்லை.

நீங்கள் பென்ட்ரைவை அலுமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பென்ட்ரைவ் நீண்டகாலம் நிற்கும் பொருளல்ல. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து ஒன்றை வெளிநாட்டு உறவினரிடம் கொடுத்து அனுப்புங்கள். அல்பமும் கட்டாயம் அடியுங்கள். கரண்ட் இல்லாத நாளிலும் அல்பம் திறக்கும். 2022இல் ஒருநாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

ரோ பைல்களைத் தருவீர்களா?

இல்லை. அவை கமராவிலிருந்து வரும் திருத்தாத மூலக் கோப்புகள், சமைக்காத காய்கறி மாதிரி. திருத்திய படங்கள் எல்லாவற்றையும் முழு அளவில் தருவேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நேரலை செய்ய முடியுமா?

முடியும். ஆனால் காலை 9 மணி முகூர்த்தம் என்றால் ஆவணியில் லண்டனில் விடியற்காலை 4.30, ரொறன்ரோவில் முந்தைய இரவு 11.30. அவர்களுக்குத் தாலி கட்டும் நேரத்தைச் சரியாகச் சொல்லி வையுங்கள். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பேன். மண்டபத்தில் ஒன்று விழுந்தாலும் மற்றது இழுக்கும்.

இந்தத் தொழிலுக்கு வர ஆசை. எந்தக் கமரா வாங்கலாம்?

முதலில் வாங்காதீர்கள். ஒரு பருவம் யாருக்காவது உதவியாளாகப் போங்கள். லைட் பிடியுங்கள், பை தூக்குங்கள், சடங்குகளின் வரிசையைப் பாடமாக்குங்கள். பொன்னுருக்கல், கன்னிக்கால், கன்னிகாதானம், கூறைச் சேலை, தாலி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் என்று அடுத்து என்ன வரும் என்பது தெரிந்தவன் சாதாரண கமராவிலும் நல்ல படம் எடுப்பான். தெரியாதவன் விலைகூடிய கமராவோடு தவறான பக்கம் நிற்பான்.

அப்புறம் வாங்கும்போது, பாவித்ததாக இருந்தாலும் இரண்டு கார்ட் போடக்கூடிய கமராவைத் தேடுங்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் நல்ல பிளாஷ் ஒன்றும் போதும். கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். இந்த ஊரில் கமராவைக் கொல்வது உப்புக்காற்று.

கலியாணம் இல்லாத மாதங்களில் என்ன வருமானம்?

ஆண்டின் முதல் மாதங்களில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம், பிறகு பத்திரகாளி அம்பாள் திருவிழா, வெருகல் திருவிழா. சித்திரை முதல் புரட்டாசி வரை உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல்களில் வெளிநாட்டவர் வரும் காலம். ஹொட்டல் அறை, சாப்பாட்டுப் படங்கள் எடுக்கலாம். மழைக்காலம் வெறுமைதான். ஆவணியில் வரும் காசை மார்கழிக்கு என்று பிரித்து வைக்கப் பழகுங்கள்.

தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். வங்கிக் கணக்குக்கும் அரச நிறுவன வேலைக்கும் அது தேவைப்படும். வரி இலக்கமும் எடுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை.

கலியாணத்தன்று நாங்கள் உங்களுக்கு என்ன செய்து வைக்க வேண்டும்?

இரண்டு பக்கத்து உறவினர்களின் முகமும் தெரிந்த, சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஒருவரை எங்களோடு விடுங்கள். ஒரு சித்தப்பாவோ மச்சாளோ போதும். குடும்பப் படப் பட்டியலை முதல் நாளே அவரிடம் கொடுங்கள், நடக்க முடியாதவர்களின் பெயர் முதலில் வரட்டும். கூறையையும் நகையையும் படம் எடுக்க அரை மணிநேரம் முன்பே தயாராக வையுங்கள். எங்களுக்குச் சாப்பாடு முதல் பந்தியில் வேண்டாம், பந்தியைப் படம் எடுக்க வேண்டும். கடைசிப் பந்தியில் நாலு இலை மறக்காமல் வைத்தால் சரி.